மெய்யின் சாட்சி

சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, காலைப் பொழுதில், என் பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பாடங் கேட்டவர்; இன்று ஓர் அலுவலகத்தில் நல்ல பதவியில் இருப்பவர். எப்பொழுது வந்தாலும் சிரித்துக்கொண்டு வருபவர் அன்று தலையைக் குனிந்து நின்றார். விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்து, வந்த காரியம் யாதென வினவினேன்.

“ஐயா, எனக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேணும். கோட்டிலை குடுக்கிறதுக்கு” என்றார்.

வழக்கின் வரலாறு இது. நண்பர் ஒருவரின் மணவிழா விருந்து முடிந்து, இரவு பத்து மணியளவில் தம் காரைத் தாமே ஓட்டி வந்த அவர், துவிச்சக்கர வண்டியிற் சென்ற மேசன் ஒருவரை மோதி வீழ்த்திவிட்டார். அந்த மனிதரின் வலக்கால் முறிந்தது. பொலிசார் வந்து பலூனை ஊதச் செய்தனர். குழாயினுள்ளே இருந்த மணிகள் குறித்த கோட்டையும் கடந்து பச்சை நிறங் கொண்டன. பின்னர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று குருதி எடுத்தார்கள். அதற்கிடையே மூன்று மணித்தியாலம் கழிந்துவிட்டது. குருதியின் அளவோ சட்டம் குறித்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது.

“பாருங்கோ ஐயா, மூச்சு ஒண்டு சொல்லுது, இரத்தம் வேறை சொல்லுது. ஊதின பலூன்தான் பிழை எண்டு லோயர் சொல்லுறார். நான் ரண்டு கிளாஸ்தான் எடுத்தனான்.”

யான் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. “தம்பி, ஒரு கிழமை பொறும். சாட்சி சொல்பவன் அறிந்து சொல்ல வேண்டும்” என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு கிழமையும் எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரை நச்சரித்தும், அவர் தந்த நூல்களைப் புரட்டியும் யான் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். வழக்கு முடிந்துவிட்டது, பெயர்கள் வேண்டா.

தமிழிலே ‘மெய்’ என்னுஞ் சொல் உடம்பையுங் குறிக்கும்; உண்மையையுங் குறிக்கும். உள்ளத்து நிகழ்வன உடம்பிலே புலப்படுதலை மெய்ப்பாடு என்று கூறித் தொல்காப்பியர் ஓர் இயலே வகுத்தார். குடித்தவனைக் கண்டறிவதற்கு நீதிமன்றங்கள் நெடுங்காலம் நம்பியிருந்ததும் மெய்ப்பாட்டையே. கண் சிவந்திருந்ததா, நாக் குழறியதா, வாயில் மணம் வீசியதா, தரையிற் கீறிய கோட்டின்மேல் நேராக நடந்தானா என்பனவே கேள்விகள். 1897ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மின்சார வாடகை வண்டி ஓட்டிய ஒருவர் அதனைக் கட்டடமொன்றில் மோதி, மதுமயக்கில் வாகனம் ஓட்டியமைக்காகத் தண்டம் பெற்றார். இவ்வகை வழக்குகளுள் முதலாவதென இதனையே கூறுவர். அவர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார். ஆதலின் அளக்குங் கருவியொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒப்புக்கொள்ளாதார் திறத்தில் யாது செய்வது? களைத்தவனும் தள்ளாடுவான், நோயாளியும் நாக் குழறுவான், பழகிய குடிகாரனோ நிறையக் குடித்தும் கோட்டின்மேல் நேராக நடந்துவிடுவான். மெய்ப்பாடு எல்லார்க்கும் ஒரு தன்மைத்தன்று.

இந்த இடர்ப்பாட்டை நீக்க முன்வந்தவருள் முதன்மையானவர் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் விட்மார்க். விரல் நுனியிற் குத்தி எடுத்த சில துளிக் குருதியிலிருந்தே அற்ககோலை அளக்கும் முறையை அவர் 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். (சாராயத்திற்கும் கள்ளிற்கும் வெறியைத் தரும் பொருளையே எங்கள் பாடநூல்கள் அற்ககோல் என்று கூறும்.) மூடிய குடுவை ஒன்றின் அடியிலே சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் இருகுரோமேற்றும் இருக்கும். மூடியோடு பொருந்திய சிறு கிண்ணத்திலே நிறுத்த குருதி இருக்கும். வெதுப்பினால் அற்ககோல் ஆவியாகிக் கீழே இறங்கி இருகுரோமேற்றைத் தாக்கும். மீந்து நிற்கும் இருகுரோமேற்றை அளந்தால், எவ்வளவு அற்ககோல் வந்ததென்பது போதரும். ஒருவர் உடம்பில் அற்ககோல் பரவுவதையும் மணிதோறுங் குறைவதையுங் கணித்தற்கு விட்மார்க் வகுத்த சூத்திரத்தை இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாள்கின்றனர்.

1936ஆம் ஆண்டில் நோர்வே நாடு ஒரு புதுமை செய்தது. குருதியின் ஆயிரம் பங்கில் அரைப் பங்குக்கு மேல் அற்ககோல் இருப்பின், தள்ளாடினாலும் தள்ளாடாவிடினும் அதுவே குற்றம் என்று சட்டம் இயற்றியது. அஃதாவது, மெய்ப்பாடு போய் அளவு வந்தது.

ஆயினும் நள்ளிரவில் நடுவீதியில் ஊசி ஏற்றிக் குருதி எடுத்தல் பொலிசாருக்கு இயலுமா? இங்கேதான் மூச்சு வந்து உதவியது. குடித்த அற்ககோல் செரிக்கப்பட வேண்டியதன்று. இரைப்பையிலும் சிறுகுடலிலும் இருந்து நேரே குருதியிற் கலந்துவிடும். அக்குருதி சுவாசப்பையின் நுண்ணறைகளைச் சுற்றி ஓடும்பொழுது, அற்ககோலின் ஒரு சிறு பங்கு ஆவியாகி அங்குள்ள காற்றோடு கலக்கும். வெப்பநிலை மாறாதிருக்குமானால், நீர்மத்திற் கரைந்த பொருளுக்கும் அதன்மேல் நிற்கும் காற்றிலுள்ள அதன் ஆவிக்கும் இடையே ஒரு நிலையான விகிதம் உண்டு. ஆங்கில இரசாயன அறிஞர் வில்லியம் ஹென்றி 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதற்கு அடிப்படை. ஆழ்ந்து விட்ட மூச்சில் 2,100 மில்லிலீற்றரில் உள்ள அற்ககோல், குருதியில் ஒரு மில்லிலீற்றரில் உள்ள அற்ககோலுக்குச் சமம் என்று கொண்டனர்.

1927ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் எமில் போகன், உதைபந்தின் உள்ளுறையிலே குடித்தவரின் மூச்சைப் பிடித்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நம் ஊரார் ‘பலூன் ஊதுதல்’ என்று கூறுவதற்கு ஒருவகையில் அதுவே முன்னோடி. இந்தியானாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோலா ஹார்கர் செய்த கருவியில், ஊதா நிறமான பரமங்கனேற்றுக் கரைசல் மூச்சுப் பட்டு நிறம் வெளிறும். 1938ஆம் ஆண்டின் இறுதி நாளிரவு, இந்தியானாபொலிசு நகரப் பொலிசார் அதனை வீதிக்குக் கொண்டுவந்தனர். பின்னர் 1954ஆம் ஆண்டில், அம்மாநிலப் பொலிஸ் ஆய்வுகூடத்தில் அதிகாரியாயிருந்த ரொபேட் போர்க்கன்ஸ்டைன், எடுத்துச் செல்லத்தக்க எளிய கருவியைச் செய்தார். மஞ்சள் நிற இருகுரோமேற்று நிரம்பிய இரண்டு கண்ணாடிக் குப்பிகள் அதில் உண்டு. ஒன்றினூடு 52.5 மில்லிலீற்றர் மூச்சுச் செலுத்தப்படும். இஃது 2,100இன் நாற்பதில் ஒரு பங்கு. அற்ககோல் இருக்குமாயின் அக்குப்பியின் மஞ்சள் குறையும். இரண்டினூடும் ஒளி பாய்ச்சி, வேறுபாட்டை அளந்தால் விடை வந்துவிடும். இக்காலக் கருவிகளுட் பல, செந்நிறக் கீழ்க் கதிரை அற்ககோல் உறிஞ்சும் அளவைக் கொண்டும், அற்ககோல் ஒட்சியேறும்பொழுது எழும் மின்னோட்டத்தைக் கொண்டும் கணக்கிடுகின்றன.

அளவு வந்தபின், எவ்வளவு இருந்தால் ஆபத்து என்னும் வினாவுக்கும் விடை தேடினர். போர்க்கன்ஸ்டைனே 1962, 1963ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் ஓர் ஆய்வை நடத்தினார். விபத்திற் சிக்கிய ஏறத்தாழ 6,000 சாரதிகளையும், அவ்விடங்களிலே விபத்தின்றிச் சென்ற ஏறத்தாழ 7,600 சாரதிகளையும் ஒப்பிட்டார். குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 60 மில்லிகிராம் ஆகும்பொழுது ஆபத்து இருமடங்காகின்றது. 100 மில்லிகிராம் ஆகும்பொழுது ஆறேழு மடங்காகின்றது என அவ்வாய்வு காட்டிற்று. குடித்தவன் தான் நிதானத்தோடிருப்பதாகவே நினைக்கின்றான். அவனுடைய அந்நினைப்பையும் அற்ககோலே செய்துவிடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. மூச்சும் குருதியும் மாறுபடும்பொழுது எதனை நம்புவது? இவ்விடத்தில் எனக்கு நம் பழைய அளவை நூலறிவு கைகொடுத்தது. ஒரு பொருளை அறிதற்குரிய கருவிகளை அளவை என்பர். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைக் கற்ற மாணாக்கர், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவை அடங்கும் என்பதை அறிவர். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிதல் கருதலளவை. குருதியை எடுத்து அதிலுள்ள அற்ககோலை அளத்தல் காண்டலை ஒத்தது. மூச்சை அளந்து குருதியிலுள்ளதைக் கூறுதலோ கருதல். மூச்சு புகை, குருதி நெருப்பு. 2,100 என்னும் எண்ணே இரண்டையும் பிணைக்கும் தொடர்பு. அத்தொடர்பு எங்கே வழுவுகின்றதோ அங்கே முடிபும் வழுவும்.

அது வழுவும் இடங்களும் உண்டு. சற்று முன் குடித்தவர் வாயிலும், ஏப்பம் விட்டவர் வாயிலும், மருந்து நீரால் வாய் கொப்பளித்தவர் வாயிலும் தங்கிய அற்ககோல், சுவாசப்பையினின்று வந்ததன்று. அது பனிப்படலத்தைப் புகையென்று மயங்குதல் போன்றது. ஆதலினாலேயே ஊதுவிக்குமுன் பதினைந்து நிமிடமேனும் காத்திருந்து கவனித்தல் வேண்டுமென விதி செய்தனர். காய்ச்சலால் மூச்சின் வெப்பம் ஒரு பாகை ஏறினால், அளவு நூற்றுக்கு ஆறேழு பங்கு கூடும். விகிதமும் ஆளுக்காள் வேறுபடும். எனினும், குடித்துச் சில மணி கழிந்த பெரும்பாலாரிடத்தில் உண்மையான விகிதம் 2,100இனும் சற்று மிகுதியாகவே இருப்பதால், கருவி பெரும்பாலும் குறைத்தே கூறும். பிழைப்பினும் குற்றஞ் சாட்டப்பட்டவர் பக்கமே பிழைக்கும்.

அப்படியாயின் குருதி பிழையாத சாட்சியோ? அதுவும் அன்று. ஊசி ஏற்றுமுன் தோலைத் துடைத்த பஞ்சிலே அற்ககோல் இருத்தலாகாது. எடுத்த குருதியிற் சோடியம் புளோரைட்டு இடாவிடின், நுண்ணுயிர்கள் புகுந்து நொதித்து, இல்லாத அற்ககோலை அங்கே தாமே உண்டாக்குதலுங் கூடும். செந்துணிக்கைகளை நீக்கிய தெளிநீரை அளந்து முழுக்குருதியின் அளவென்று கூறினால் எண் உயர்ந்துவிடும். போத்திலுக்கு முத்திரை இட்டவர் யார், கொண்டு சென்றவர் யார் என்பதும் அறியப்படல் வேண்டும்.

இவை யாவற்றினும் பெரிது காலம். குருதியிலுள்ள அற்ககோலைக் கல்லீரல் ஓயாது எரித்துக்கொண்டிருக்கின்றது. 100 மில்லிலீற்றருக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் அது குறையும். ஆளுக்கேற்ப 10 முதல் 25 வரை வேறுபடும். என் மாணாக்கரின் வழக்கில் மூன்று மணித்தியாலம் கழிந்தது. மும்முறை பதினைந்து நாற்பத்தைந்து. எல்லைக்குச் சற்றுக் கீழே நின்ற அந்தக் குருதி, மோதிய வேளையில் எங்கே நின்றிருக்கும்? மறுதலையாக, கடைசிக் குவளையைக் குடித்தவுடனே புறப்பட்டவர் திறத்தில், அற்ககோல் இன்னும் ஏறிக்கொண்டே இருத்தலுங் கூடும். ஆதலின் எப்பொழுது குடித்தார் என்பதை அறியாமல் எவ்வளவு இருந்தது என்பதைப் பின்னோக்கிக் கணித்தல் அரிது.

இவ்வளவு நுட்பமான சாட்சியைச் சட்டம் எவ்வாறு கையாண்டது என்பதும் அறியத்தக்கது. பிரித்தானியாவில் பார்பரா காசில் அம்மையார் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில், 1967ஆம் ஆண்டு ஒற்றோபர் 9ஆம் நாள், 80 மில்லிகிராம் என்னும் எல்லையும் வீதியோர மூச்சுச் சோதனையும் நடைமுறைக்கு வந்தன. தமக்கே வாகனம் ஓட்டத் தெரியாத அமைச்சர் சாரதிகளுக்குச் சட்டம் செய்வதா என்று இகழ்ந்தார்கள். வீதி மரணங்கள் கண்கூடாகக் குறைந்தபின் இகழ்ச்சியும் குறைந்தது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் மூச்சளவே அங்கு நீதிமன்றச் சான்றாயிற்று. ஆயினும், எல்லையைச் சிறிது கடந்தவர் விரும்பினால் குருதியோ சிறுநீரோ கொடுத்துத் தம்மை மெய்ப்பிக்கலாம் என்னும் வாய்ப்பை 2015ஆம் ஆண்டு வரை வைத்திருந்தனர். எல்லையும் எங்கும் ஒன்றன்று. ஸ்கொத்லாந்து 2014ஆம் ஆண்டில் அதனை 50 ஆகக் குறைத்தது. இந்தியச் சட்டம் 30 என்று கூறும். இயற்கை கோடு கீறுவதில்லை, கீறுபவன் மனிதன்.

அமெரிக்காவிலோ வினா வேறு வகையாக எழுந்தது. எவரும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு வற்புறுத்தப்படலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. மறுப்பவர் உடம்பிலிருந்து குருதி எடுத்தால் அஃது அவரையே சாட்சி சொல்ல வைப்பதாகாதா? 1966ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் ஆகாது என்று தீர்த்தது. குருதி பேச்சன்று, பொருள் என்பது அதன் கருத்து. ஆனால் 2013ஆம் ஆண்டில், அற்ககோல் கரைந்து போகின்றது என்னும் ஒரு காரணத்துக்காக மட்டும் நீதவானின் ஆணையின்றி ஊசி ஏற்றலாகாது என்றது. 2016ஆம் ஆண்டில், கைதானவரிடம் மூச்சை ஆணையின்றிப் பெறலாம், குருதிக்கோ ஆணை வேண்டும் என வேறுபடுத்திற்று. மூச்சு எப்படியும் வெளியே போவது. குருதி தோலைத் துளைத்து எடுப்பது. இந்த வேறுபாட்டில் உடம்பின் மானம் இருக்கின்றது என்றே யான் கருதுகின்றேன்.

கருவியைக் காப்பவரின் நேர்மையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லல் வேண்டும். நியூ ஜேர்சி மாநிலத்தில், மூச்சுக் கருவிகளைச் சீர்பார்க்கும் கடமையிலிருந்த பொலிஸ் அலுவலர் ஒருவர், பயன்படுத்தும் கரைசலின் வெப்பத்தைத் தரமறிந்த வெப்பமானி கொண்டு ஒத்துப்பார்க்கும் ஒரு படியைச் செய்யாது விட்டார். செய்ததாகப் பதிந்தார் என்பது குற்றச்சாட்டு. 2018ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அக்கருவிகளின் விடைகளைச் சான்றாக ஏற்கலாகாது என்று தீர்த்தது. அதனால் தொடுக்கப்பட்டவை 20,667 பேரின் சோதனைகள். அவர்களுட் குற்றவாளிகளும் இருந்திருப்பர், குற்றமற்றவரும் இருந்திருப்பர். இனி எவ்வாறு பிரிப்பது? நடுவு நிலைமைக்கு உவமையாகத் துலாக்கோலைக் கூறும் மரபு நம்முடையது. தூக்குமுன் கோல் தான் சமனாக நிற்றல் வேண்டும் என்பதை அம்மரபு அறியும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே நடுவு நிலைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் காக்கும் பொருட்டு மற்றொன்றைக் கைவிடல் முறையன்று.

அடுத்த ஞாயிறு மாணாக்கர் வந்தார். அறிந்தவற்றை எடுத்துச் சொன்னேன். “தம்பி, மூச்சும் குருதியும் மாறுபட்டமையால் ஒன்று பொய்யாக வேண்டும் என்பதில்லை. இரண்டும் தத்தம் நேரத்து மெய்யைச் சொல்லியிருக்கலாம். பலூனிற் பிழை இருந்தால் உம்முடைய லோயர் அதைக் கேட்கட்டும். கேட்பது உமது உரிமை. ஆனால் அளவை மூன்று என்று உமக்குப் படிப்பித்தேன். காண்டலும் கருதலும் நீதிமன்றில் இருக்கின்றன. மூன்றாவது உம்மிடம் இருக்கின்றது” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். முற்றத்து மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரண்டில்லை ஐயா” என்றார்.

எத்தனை என்று யான் கேட்கவில்லை. தாளை எடுத்து எழுதினேன். இவர் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்னிடம் கற்றவர். கற்ற காலத்திற் பொய் சொல்லி யான் கண்டதில்லை. அவ்விரவு நிகழ்ந்ததை யான் அறியேன். இம்மூன்று வாக்கியங்களே. அவர் வாங்கிப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கண் நின்றதைக் கவனித்தேன். “அந்த மேசனைப் போய்ப் பார்த்தீரோ?” என்றேன். “இல்லை ஐயா, லோயர் போகவேண்டாம் எண்டவர்” என்றார். “சட்டத்துக்கு அது சரியாயிருக்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதங்கழித்து அவர் அக்கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “தேவைப்படேல்லை ஐயா” என்றார். குடித்திருந்ததை மன்றில் ஒப்புக்கொண்டார் என்பதும், சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது என்பதும், அதற்கு முன்னரே தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு அம்மேசனின் வீட்டுக்குச் சென்றிருந்தார் என்பதும் பின்னர் அறிந்தேன். இப்பொழுது அவர் அலுவலகத்துக்குப் பஸ்ஸிற் போகின்றார். வழியிற் கண்டால் முன்போலச் சிரிக்கின்றார்.

அந்த மேசனையும் அண்மையில் ஒரு நாட் கண்டேன். சாரத்திற் ஏறி நின்று வேலை செய்தவர் இப்பொழுது கீழே நின்று சாந்து குழைக்கின்றார். கோலூன்றி நடக்கின்றார். அவர் இழந்ததை அளப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை; அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே போதும்.